உதடு வேறு, குரல் வேறு: பழைய இத்தாலியக் காதல் நகைச்சுவைப் படங்களை வீட்டில் பார்ப்பவர்களுக்கு

"டிஸ்க்கில் ஏதோ கோளாறு. வாயை மூடின பிறகும் பேச்சு கேட்கிறது."

பழைய இத்தாலியப் படம் ஒன்றை நண்பர்களுக்குப் பார்க்கக் கொடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதிலோடுதான் திரும்பி வருகிறது. கொஞ்சம் சினிமா பழக்கமுள்ளவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்: "இது டப்பிங் பிரதி. ஒரிஜினல் கிடைத்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன்." இரண்டு தரப்புமே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. டிஸ்க்கில் கோளாறு இல்லை. அவர்கள் தேடுகிற ஒரிஜினலும் எங்கேயும் கிடையாது.

நானும் முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட்டேன். பியெத்ரோ ஜெர்மி இயக்கிய படமொன்றை வீட்டில் போட்டுவிட்டு, ஒலியை முன்பின் தள்ளும் எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தேன். 40 மில்லி விநாடி, 80, 120. ஓர் எண்ணில் கதாநாயகனின் உதட்டோடு பேச்சு கச்சிதமாக உட்காரும். அடுத்த காட்சியில் ஓர் அம்மாள் வாயை மூடிய பிறகும் அவர் குரல் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்குச் சரிசெய்தால் கதாநாயகன் நழுவுவான். அரை மணி நேரம் போன பிறகுதான் உறைத்தது: பிழை டிஸ்க்கில் இருந்தால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்லவா இருக்க வேண்டும்? ஆளுக்கு ஓர் அளவில் விலகுகிறது என்றால், படம் உருவான விதத்திலேயே காரணம் இருக்கிறது.

அதைத் தெரிந்துகொண்டால் இந்தப் படங்களைப் பார்க்கும் சுகமே வேறு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பாட்டுக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்

நம் படங்களில் கதாநாயகி பாடும்போது அது அவர் குரல் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டு முதலில் கூடத்தில் பதிவாகிவிடும். பிறகு படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைப்பார்கள். யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கதாபாத்திரம் என்று மனம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

1950களிலும் 60களிலும் இத்தாலியில், நாம் பாட்டுக்குச் செய்வதைப் பெரும்பாலும் மொத்த வசனத்துக்கும் செய்தார்கள். வரிசைதான் தலைகீழ். பாட்டில் குரல் முதலில் வரும், உதடு அதைப் பின்பற்றும். அங்கே உதடு முதலில் படமாகிவிடும், குரல் பின்னால் வந்து சேரும். இப்படிப் படம்பிடித்து முடித்த பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையைப் பார்த்தபடி பேசிப் பதிவுசெய்வதுதான் டப்பிங். படப்பிடிப்பின்போதே நடிகர் பேசுவதை மைக் வைத்துப் பிடித்து அதையே படத்தில் வைத்துக்கொள்வது நேரடி ஒலி.

நம் ஊரில் டப்பிங் என்றதும் வேறு மாநிலத்திலிருந்து வந்த நடிகைக்குத் தமிழில் குரல் கொடுப்பதும், வேற்றுமொழிப் படத்தைத் தமிழில் மாற்றுவதும்தான் முதலில் நினைவுக்கு வரும். இத்தாலியில் அது பொது விதி. இத்தாலியில் பிறந்து, இத்தாலியப் படத்தில், இத்தாலிய மொழியில் நடித்தவரும் பிறகு மைக் முன்னால் வந்து தன் வசனத்தைத் திரும்பப் பேசுவார். அல்லது அவருக்குப் பதிலாக வேறொருவர் பேசுவார்.

கூடத்துக்குள் நடப்பது

எடுத்த படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டிவிடுவார்கள். அது வளையமாகிவிடும். இத்தாலியக் குரல் கலைஞர்கள் அதை 'அனெல்லோ' என்பார்கள், மோதிரம் என்று அர்த்தம். வளையம் புரொஜெக்டரில் சுற்றிச் சுற்றி ஓட, ஒரே வசனம் திரையில் திரும்பத் திரும்ப வரும். இருட்டில் மைக் முன்னால் நிற்பவர் முதல் சில தடவை பார்த்து மூச்சு எங்கே, இடைவெளி எங்கே என்று மனத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு பேசுவார். சரியாக வந்தால் அடுத்த வளையம்.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள். ஒரு சட்டகத்துக்குச் சுமார் 42 மில்லி விநாடி. ஒன்றிரண்டு சட்டகம் முன்னே பின்னே போனால் பெரும்பாலான கண்களுக்குத் தெரியாது. ஆனால் சில எழுத்துகள் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி முன் நின்று 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'அக்கா' என்று சொல்லுங்கள். அம்மாவில் உதடு ஒட்டிப் பிரிகிறது. அக்காவில் உதடு ஒட்டவே இல்லை, வேலையெல்லாம் வாய்க்குள் நடக்கிறது. 'ப', 'ம' போன்ற ஒலிகள் வரும் இடத்தில் உதடு திறந்திருந்தால் நம் கண் உடனே பிடித்துவிடும். மற்ற இடங்களில் எவ்வளவோ விட்டுக்கொடுக்கும். டப்பிங் எழுதுபவரின் திறமை பாதிக்குப் பாதி இந்த உதடு ஒட்டும் இடங்களைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

காலடி, தட்டு, கதவு, நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாவற்றுக்கும் தனி ஆள் உண்டு. அவர் திரையைப் பார்த்தபடி கையாலும் காலாலும் அந்தச் சத்தங்களை எழுப்பிப் பதிவுசெய்வார். கடைசியில் வசனம், சத்தம், இசை மூன்றும் ஒன்றாகக் கலக்கப்படும்.

இதுவரை சொன்னதன் சாரம் இதுதான்: இத்தாலிய ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் கேட்பது கூடத்தில் பிறந்த குரலைத்தான். 'படப்பிடிப்பில் பேசிய அசல் பேச்சு' என்று அதற்கு அடியில் வேறொன்று ஒளிந்திருக்கவில்லை.

ஏன் இப்படி ஒரு வழக்கம்?

வேர் முசோலினி காலத்தில் இருக்கிறது. 1930இல் இத்தாலிய அரசு திரையில் அந்நிய மொழி வசனத்துக்குத் தடை போட்டது. 1933இல், வெளிநாட்டுப் படங்களை இத்தாலியிலேயே டப்பிங் செய்ய வேண்டும் என்றது. ஹாலிவுட் படம் வந்துகொண்டேயிருந்ததால் ரோமில் பெரிய குரல் தொழிலே முளைத்தது. பின்னாளில் இத்தாலிய நகைச்சுவையின் முகமாகிவிட்ட ஆல்பெர்த்தோ சோர்தி, லாரல்-ஹார்டி படங்களில் குண்டு ஹார்டிக்கு இத்தாலியக் குரல் கொடுத்தவர்.

போர் முடிந்தபோது கையில் பணமில்லை, கருவியில்லை. தெருவில் இறங்கி, ஒலியைப் பற்றிக் கவலைப்படாமல் எடுத்தார்கள். குரலுக்குக் கூடங்களும் கலைஞர்களும் தயாராக இருந்ததால் பழக்கம் நிலைத்துவிட்டது. 1949இல் பிரான்சோடு கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் வந்த பிறகு ஒரே காட்சியில் ஒருவர் பிரெஞ்சும் இன்னொருவர் இத்தாலியனும் பேசுவது சகஜமாயிற்று. இயக்குநர்களுக்கும் இது வசதி. காட்சி ஓடும்போதே உரக்கச் சொல்லி நடிகர்களை நடத்தலாம். ஃபெலினி சில நடிகர்களை வசனத்துக்குப் பதிலாக எண்களைச் சொல்லச் சொன்னவர். உதடு அசைந்தால் போதும், என்ன பேச வேண்டும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த காரணம் வேறு. குரலையும் ஒரு கதாபாத்திரத் தேர்வாக அவர்கள் நினைத்தார்கள். 1958இல் மரியோ மோனிசெல்லி எடுத்த 'இ சோலித்தி இஞ்ஞோத்தி'யைப் பாருங்கள். கைக்கு எதுவும் வராத திருடர் கூட்டத்தின் கதை. அதற்குள்ளே ஒரு காதல். ஃபெரிபோத்தே என்ற சிசிலிக்காரன் தன் தங்கையை வீட்டுக்குள் பூட்டிக் காவல் காக்கிறான். கூட்டத்திலுள்ள இளைஞன் ஒருவன் அவளிடமே மனத்தைப் பறிகொடுக்கிறான். அண்ணனாக நடித்த திபெரியோ முர்ஜா சிசிலிக்காரரே இல்லை. சார்தீனியத் தீவுக்காரர், ரோமில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். தங்கையாக நடித்த கிளாடியா கார்டினாலே துனிசியாவில் பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். இருவருக்கும் சிசிலிக் குரல் வேறு ஆட்களிடமிருந்து வந்தது. இத்தாலி முழுவதும் அவர்களைச் சிசிலி அண்ணன் தங்கையாகவே ஏற்றுக்கொண்டது. கார்டினாலேயின் சொந்தக் குரலை இத்தாலிய ரசிகர்கள் 1963இல் ஃபெலினியின் 'எட்டரை'யில்தான் முதலில் கேட்டார்கள்.

எதிர்த்திசையில் வந்தவர் மோனிகா விட்டி. 1957இல் அந்தோனியோனியின் 'இல் கிரிதோ'வில் வேறொரு நடிகைக்குக் குரல் கொடுத்தார். அந்தக் கரகரத்த குரலுக்குச் சொந்தக்காரர் பிறகு அதே இயக்குநரின் கதாநாயகி ஆனார். அதற்கும் பிறகு இத்தாலிய நகைச்சுவையின் மிகப் பெரிய நடிகைகளில் ஒருவரானார்.

காதல் நகைச்சுவைக்கு இதனால் என்ன?

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இந்தப் படங்களுக்கு 'கொம்மேதியா அல்லித்தாலியானா', அதாவது 'இத்தாலிய பாணி நகைச்சுவை' என்று பெயர். ஏறக்குறைய 1958 தொடங்கி 70களின் இறுதிவரை வந்த படங்கள். ஜெர்மியின் 1961ஆம் ஆண்டுப் படமான 'இத்தாலிய பாணி விவாகரத்து' என்ற தலைப்பிலிருந்து வந்த பெயர் அது. காதலும் கல்யாணமும்தான் கதைக்களம். ஆனால் கிச்சுகிச்சு மூட்டுவதற்காக மட்டும் எடுத்தவை என்று எண்ணிவிடக் கூடாது. நாட்டின் சட்டமும் ஊரின் வாயும் ஒரு மனிதனின் ஆசையை எப்படிக் கோணலாக்குகின்றன என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படங்கள்.

அந்தப் படம் வந்தபோது இத்தாலியில் விவாகரத்தே கிடையாது. 1970 டிசம்பரில்தான் சட்டம் வந்தது. அதே நேரத்தில் தண்டனைச் சட்டத்தின் 587ஆம் பிரிவு, மனைவியோ மகளோ சகோதரியோ கள்ள உறவில் இருப்பதைக் கண்டு ஆத்திரத்தில் கொன்றவனுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை மட்டுமே விதித்தது. 1981வரை அந்தப் பிரிவு உயிரோடு இருந்தது. மார்செல்லோ மாஸ்த்ரோயான்னி நடிக்கும் சிசிலி பிரபு ஃபெஃபே, இளம் உறவுக்காரப் பெண்ணிடம் காதல் கொண்டு, மனைவியை விலக்க வழியில்லாமல், இந்தப் பிரிவையே கணக்குப் போட ஆரம்பிக்கிறான். சட்டத்தில் ஓட்டை இப்படி இருந்தால் ஒரு சோம்பேறி பிரபுவின் மூளை எங்கே போகும் என்பதுதான் மொத்த நகைச்சுவையும். திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அந்தப் படத்தைக் காதால் பாருங்கள். ரயிலில் ஊருக்குத் திரும்புகிறான் ஃபெஃபே. அவன் மனக்குரல் நம்மிடம் பேசத் தொடங்குகிறது. படம் முழுக்க அந்தக் குரல் கூடவே வருகிறது. மனைவி கொஞ்சிக்கொண்டிருக்கும்போது அவன் மனத்துக்குள் அவள் சோப்புக் காய்ச்சும் கொப்பரைக்குள் போகிறாள், புதைமணலில் இறங்குகிறாள், ராக்கெட்டில் ஏறி வானத்துக்கே போய்விடுகிறாள். வெளியே பேசும் குரலும் உள்ளே பேசும் குரலும் ஒரே விதமாக, கூடத்து மைக்கில் பிறந்தவை. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவன் வழுக்கிப் போகும்போது விளிம்பே தெரிவதில்லை. எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை, பாதி மூடிய கண், அடிக்கடி வாயோரத்தை இழுத்து அவன் எழுப்பும் சின்ன 'ட்ச்'. ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்க இரைந்துகொண்டிருந்தாலும் அந்தச் 'ட்ச்' நம் காதோரத்தில் கேட்கும்.

இரண்டாவது விஷயம் வட்டார வழக்கு. மதுரைப் பேச்சையும் நாகர்கோவில் பேச்சையும் ஒரே செய்தித் தமிழில் மாற்றிவிட்டால் நம் படங்களில் எவ்வளவு போய்விடும்? இத்தாலியில் அந்த வேறுபாடு இன்னும் பெரிது. நேப்பிள்ஸ்காரர் சொந்தப் பேச்சில் இறங்கிவிட்டால் மிலான்காரருக்குப் புரிவது கஷ்டம். விட்டோரியோ டி சிகாவின் 'நேற்று, இன்று, நாளை' 1963இல் வந்தது, மூன்று தனிக் கதைகள். மூன்றிலும் சோபியா லாரனும் மாஸ்த்ரோயான்னியும்தான் ஜோடி. முதல் கதை நேப்பிள்ஸ், இரண்டாவது மிலான், மூன்றாவது ரோம்.

முதல் கதையை எழுதியவர் நேப்பிள்ஸ் நாடக உலகின் பெரியவர் எதுவார்தோ தெ ஃபிலிப்போ. கள்ளச் சிகரெட் விற்கும் அதெலீனாவைச் சிறையில் அடைக்க வேண்டும். கர்ப்பிணியையும், பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆகாதவளையும் அடைக்கக் கூடாது என்பது சட்டம். அதெலீனா ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளை பெற்றுக்கொண்டே இருக்கிறாள். புருஷன் இளைத்துத் துரும்பாகிறான். லாரன் நேப்பிள்ஸுக்குப் பக்கத்துப் பொஸ்ஸுவோலியில் வளர்ந்தவர். அந்தத் தெருப் பேச்சு அவருடைய சொந்தச் சொத்து. இரண்டாவது கதையில் அதே லாரன் மிலானின் பணக்காரச் சீமாட்டி. பேச்சிலேயே தோலின் நிறம் மாறியதுபோல இருக்கும். ஆங்கிலத் தடத்தில் இரண்டு பெண்களும் ஒருத்தியாகிவிடுகிறார்கள். இத்தாலிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாவிட்டாலும் இத்தாலியத் தடத்தில் அந்த மாற்றம் காதில் விழும்.

சுருக்கமாக: குரல் கூடத்தில் செய்யப்பட்டது என்பதால் அது போலி ஆகிவிடாது. யார் குரல், எந்த ஊர்ப் பேச்சு, எவ்வளவு நெருக்கம் என்று ஒவ்வொன்றும் யோசித்து வைக்கப்பட்டது. அந்த யோசனை இத்தாலியத் தடத்தில் மட்டுமே இருக்கிறது.

டிஸ்க்கைப் போடும்போது

முதல் வேலை: மொழிப் பட்டியலுக்குப் போய் இத்தாலியத் தடத்தைத் தேர்ந்தெடுத்து, சப்டைட்டில் போடுங்கள். ஆங்கிலத் தடம் இரண்டாவது முறை டப்பிங் ஆனது. உதடும் பொருந்தாது, ஊரும் போய்விடும்.

விலகல் படத்துடையதா, உங்கள் வீட்டுக் கருவியுடையதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. உதட்டைப் பார்க்காதீர்கள். தட்டு மேசையில் வைக்கப்படுவதையும், கதவு சாத்தப்படுவதையும், கைதட்டலையும் பாருங்கள். அவை சரியாக விழுந்து பேச்சு மட்டும் விலகினால் படம் அப்படித்தான், கைவைக்காதீர்கள். தட்டும் கதவும்கூட எல்லாக் காட்சியிலும் ஒரே அளவில் விலகினால் பெரும்பாலும் குற்றவாளி தொலைக்காட்சிப் பெட்டிதான். புதிய பெட்டிகள் படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒலி முந்திவிடும். அதற்குத்தான் ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு இருக்கிறது.

ஐரோப்பிய டிவிடி என்றால் இன்னொன்று. விநாடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படம் அதில் பெரும்பாலும் 25ஆக ஓடும். 104 நிமிடப் படம் 100 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் ஒரு மயிரிழை மெலிந்து உயரும். வெட்டிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். புளூ-ரேயில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை.

வாங்கும் முன் மண்டலக் குறியைப் பாருங்கள். எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் பூட்டு அது. டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5, இத்தாலி 2, அமெரிக்கா 1. புளூ-ரேயில் நமக்கு சி, இத்தாலிக்கு பி, அமெரிக்காவுக்கு ஏ. பூட்டு இல்லாத டிஸ்க்குகளும் உண்டு, எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர்களும் உண்டு.

திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் இழுத்து நிரப்பாதீர்கள். 'நேற்று, இன்று, நாளை' அகலத்திரைப் படம். அதன் நேப்பிள்ஸ் சந்தில் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளை வெட்டிவிட்டு எதைப் பார்ப்பது?

'மீட்டெடுக்கப்பட்டது' என்று அட்டையில் போட்டிருந்தால், பழைய நெகட்டிவைக் கழுவி, புதிதாக ஸ்கேன் செய்து, கீறலையும் இரைச்சலையும் நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த வேலைக்குப் பேர்பெற்றது பொலோஞ்ஞா நகரத்திலுள்ள 'லிம்மாஜினே ரித்ரோவாத்தா' கூடம். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உதய் சங்கர் எடுத்த 1948ஆம் ஆண்டு 'கல்பனா' அந்த ஊரில்தான் மீண்டும் உயிர்பெற்று 2012இல் கான் விழாவுக்குப் போனது. நம் ஊரில் ஆடிய பாதங்களை அங்கே ஒருவர் சட்டகம் சட்டகமாகத் துடைத்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

நேராக ஜெர்மிக்குப் போக வேண்டாம், அவர் கசப்பு கொஞ்சம் கூடுதல். லூயிஜி கொமென்சினியின் 1953ஆம் ஆண்டு 'ரொட்டி, காதல், கற்பனை'யில் தொடங்குங்கள். கறுப்பு வெள்ளை, ஏறக்குறைய சதுரமான படச்சட்டம். நடுவயதுக் காவல் அதிகாரியாக டி சிகாவே நடிக்கிறார். மலை ஊருக்கு மாற்றலாகி வந்து கழுதையோடு திரியும் ஏழைப்பெண்ணைப் பார்த்து மயங்குகிறார். அவள் ஜீனா லொல்லோபிரிஜிதா. அடுத்து 'நேற்று, இன்று, நாளை', அதற்கடுத்த ஆண்டில் டி சிகா, லாரன், மாஸ்த்ரோயான்னி அதே மூவர் கொடுத்த 'இத்தாலிய பாணி கல்யாணம்'. அதன் பிறகு ஜெர்மி. கடைசியாக, மோனிகா விட்டி துப்பாக்கியோடு சிசிலியிலிருந்து பிரிட்டனுக்குக் கிளம்பும் 1968ஆம் ஆண்டு மோனிசெல்லி படம்.

கொமென்சினி படத்தில் ஓர் இடம் வரும். அதிகாரி தெருவில் நடந்துபோகும்போது, ஓர் ஏழை ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உள்ளே என்ன வைத்துச் சாப்பிடுகிறாய் என்று இவர் கேட்பார். அவன் ரொட்டியைத் திறந்து காட்டுவான், உள்ளே ஒன்றும் இருக்காது. அவன் சொல்லும் ஒரே சொல் பதில்தான் படத்தின் தலைப்பில் கடைசியாக நிற்பது. அந்த இடத்தில் சப்டைட்டிலிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அவன் குரலை மட்டும் கேளுங்கள்.